தங்கைக்கு நான் பார்த்துக் கொடுத்த பீரோ

பீரோவைப் பற்றி என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. கொடுத்தால் நிறுத்த மாட்டேன். மதுரையில் தெற்குவாசல் பக்கம் ஒரு மரச்சாமான் கடையில் ஆர்டர் எழுதும் ஆளாக வாலிப வயதிலேயே சேர்ந்தவன் நான். ரம்பம் பிடிக்கத் தெரியாது, உளி பிடிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பீரோவைத் தூரத்திலிருந்து பார்த்தே அது எந்த ஊர் வேலை என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமையால் உலகத்தில் ஒருவருக்கும் நன்மை விளைந்ததில்லை. என் தங்கையின் வாழ்க்கைதான் வீணாய்ப் போனது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் பீரோ வைத்திருந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. துணிமணிக்கு இருந்தது மூன்றே இடம். அன்றாடம் கட்டுவது கொடியில் தொங்கும். மாற்றுத் துணி சுவரில் விட்ட மாடத்தில் இருக்கும். அந்த மாடத்துக்குக் கதவு போட்டிருந்தால் அதைச் சுவரலமாரி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பட்டும் சரிகையும் டிரங்குப் பெட்டிக்குள், வசம்புத் துண்டுகளோடு, கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மதுரை சனங்கள் பல தலைமுறையாக இப்படித்தான் துணி வைத்தார்கள், ஒருவரும் அம்மணமாகத் திரியவில்லை.

பீரோ முதலில் வந்தது சர்க்கார் கச்சேரிகளுக்கு, கட்டுக்காகிதம் அடுக்க. பிறகு துரைமார் பங்களாக்களில் கோட்டும் தொப்பியும் வைக்க. அங்கிருந்து காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் போய், பர்மாத் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியுமாக உருண்டு திரண்டு, கடைசியில் கல்யாணச் சீரில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கொஞ்சம் வசதியான வீட்டில் பெண்ணுக்குச் சீர் என்றால் கட்டில், குத்துவிளக்கு, பித்தளை அண்டா, கூடவே ஒரு பீரோ என்று ஆகிவிட்டது.

கடையில் நாங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பீரோவைப் பிரிப்போம். செட்டிநாட்டு வேலை என்றால் தலையில் கிரீடம் மாதிரி ஒரு பலகை, அதில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளி, கதவில் ஆளுயரக் கண்ணாடி. மலையாளத்து வேலையில் பூவும் கொடியும் குறைவு. பலா மரமோ ஆஞ்சிலியோ, தடித்த பித்தளைப் பூட்டோடு முரட்டுத்தனமாக இருக்கும். மெட்ராஸ் வேலைக்குக் கடைந்த கால்களும் மேல்பாதிக்குக் கண்ணாடிக் கதவும். ரங்கூன் வேலையில் ஓர் அங்குலம் விடாமல் கொடி செதுக்கியிருப்பார்கள், தூசி தட்டியே வீட்டுப் பெண்களின் கை ஓய்ந்துபோகும். எங்கள் மதுரை வேலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. எல்லா ஊரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து உச்சியில் ஒரு கோபுரத்தை வைத்துவிடுவோம். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எனக்குப் பிடித்தது துரை வேலை. பூ கிடையாது, கிளி கிடையாது. ஒரே மரம், ஒரே கதவு, நேர்கோடு. அதை ரசிக்கிற கண் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு திமிர் எனக்கு அப்போது இருந்தது.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். மாப்பிள்ளை வீடு கொட்டாம்பட்டிப் பக்கம், கிணற்றுப் பாசனமும் மாடு கன்றும் உள்ள விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை மதுரைக்கு வந்து பள்ளிப் படிப்பு முடித்தவர், மெதுவாகப் பேசுவார். என் அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. மரச்சாமான் விஷயத்தில் அப்பாவுக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. "பீரோ மட்டும் நீ பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் தல்லாகுளத்தில் ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார் என்று பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கடைக்காகப் போனவன் அங்கே அதைப் பார்த்தேன். ஆறரை அடி உயரம். தேக்கு. அகலமான ஒற்றைக் கதவு, நடுவில் ஒட்டுப்போடாத பலகை. திறந்தால் உள்ளே தட்டு ஒன்றும் இல்லை, மேலே குறுக்காக ஒரு பித்தளைக் கம்பி, அவ்வளவுதான். கம்பியின் இரு முனையும் பக்கப் பலகைகளில் திருகிய இரண்டு பித்தளைக் கிண்ணங்களில் உட்கார்ந்திருந்தது. கோட்டு மாட்டுகிற கம்பி. உள்ளே சுருட்டு வாசம் அடித்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "கண்ணாடி எங்கடா?" என்றாள்.

"கண்ணாடி வச்சதெல்லாம் கும்பகோணத்து மிட்டாய்க் கடைக்கு ஆகும்மா. இது சீமை வேலை."

தங்கை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "எனக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பெரிய பீரோ? ஒரு டிரங்குப் பெட்டி போதும். நானே தூக்கிட்டுப் போவேன், நானே தூக்கிட்டு வந்துருவேன்."

"வந்துருவேன்னு சொல்லாதடி, வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அம்மா அதட்டினாள். நான் சிரித்தேன். அவளுக்கு என்ன பீரோ வேண்டும் என்று அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்கவில்லை.

தை மாதத்தில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுநாள் சீரெல்லாம் மாட்டு வண்டிகளில் ஏறி கொட்டாம்பட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. அங்கே சீர் பார்ப்பது என்று ஒரு முறை உண்டு. சாமான்களை முற்றத்தில் பரப்பி வைப்பார்கள். ஊர்ப் பெண்கள் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, தட்டி, திறந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அண்டாவைத் தட்டி ஓசை கேட்டார்கள். கட்டிலை ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு பீரோவுக்கு வந்தார்கள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஓர் அக்காள் இருந்தாள். அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"ஏய்யா, இதுல சேலைய எங்கிட்டு வைக்கிறது? தட்டே காணோமே?"

"வைக்கக் கூடாது பெரியம்மா. கம்பில தொங்கப் போடணும். துரைமார் வீட்டுல அப்படித்தான்."

"சேலை என்னய்யா வாழைத்தாரா, தொங்கப் போட?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதன் அருமையை அவர்களுக்குக் காட்டியே தீர வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "எம்புட்டு இடம் இருக்குன்னு பாருங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, நானே உள்ளே ஏறி, தலையைக் கம்பிக்குக் கீழே குனிந்துகொண்டு, கதவை இழுத்து மூடிக்கொண்டேன். உள்ளே இருட்டு, சுருட்டு வாசம். வெளியே பேச்சு நின்றுபோனது. அசந்துபோய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"சிலுவை கும்பிடுற வேதக்காரவுக செத்த ஆளை வச்சு மூடுற பெட்டி இந்தத் தினுசுலதான் இருக்கும்" என்றாள் அந்த அத்தை. "அதைப் படுக்கப் போடுவாக. இதை நிக்க வச்சிருக்கு."

என் தங்கை மஞ்சள் கயிறு புதிதாகத் தொங்க, நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

பீரோவை அறைக்குள் கொண்டுபோக அந்த அத்தை சம்மதிக்கவில்லை. பட்டாசாலையில், வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில், ஒரு மூலையில் நிறுத்தினார்கள். அதன் பக்கத்தில்தான் மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கட்டில். அவருக்குப் பல வருஷமாக இளைப்பு நோய். பங்குனி வெயிலில் நோய் முற்றி, அந்தக் கட்டிலிலேயே உயிரை விட்டார். இழவுக்குப் போயிருந்தேன். கூடத்தில் வைத்து அழுத பெண்கள் அழுகைக்கு நடுவில் பீரோவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இளைப்பு என்ற வார்த்தையை அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்ததும் தங்கையைக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். இரண்டு நாள் கழித்து ஒரு மாட்டு வண்டி தெருவுக்குள் நுழைந்தது. அதில் பீரோ மட்டும் படுத்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வைகாசியில் மாப்பிள்ளை தனியாக வந்தார். வீட்டுக்குள் வராமல் என்னைக் கடையில் வந்து பார்த்தார்.

"பெட்டிய மாத்திக் குடுத்துருங்க மச்சான். நம்ம பக்கத்துல எல்லாரும் குடுக்குற மாதிரி, கண்ணாடி வச்சு, லச்சுமி போட்டு. அம்மா மனசு ஆறிரும். ஆனா ஆடிக்கு முன்னால அது வந்து சேரணும், அவளும் வந்து சேரணும்."

"ஆடில எப்படியும் புதுப்பொண்ணு தாய் வீட்டுக்கு வரணுமே மாப்ள?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஆனியில அவ அங்கன இருந்தா, ஆடில நீங்க முறையா அழைக்க வருவீக, ஆவணியில நாங்க முறையா அழைக்க வருவோம். ஊரு வாய அடைச்சிரலாம். இங்கேயே இருந்துட்டா, அம்மாவும் அத்தையும் அப்படியே விட்ருவாக."

நல்ல மனிதர். வழியை இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்தார். அந்த வழியில் போகவும் எனக்குத் துப்பில்லை.

கடை ஆசாரியிடம் கேட்டேன். புதிதாகச் செய்ய இரண்டு மாதமாவது ஆகும், உலர்ந்த பலகை கையில் இல்லை என்றார். ஆடிக்கு இருந்தது ஐந்து வாரம். வேறு கடையில் செய்து வைத்த பீரோ கிடைக்குமா என்று நான் தேடியிருக்கலாம். தேடவில்லை. வேறு கடைச் சரக்கைக் கைநீட்டி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட உண்மை இன்னொன்று. அவ்வளவு நல்ல மரத்தை ஒரு கிழவியின் வாய்க்காகத் தள்ளிவிட எனக்குப் பொறுக்கவில்லை. கிராமத்துச் சனங்கள்தானே, மரத்தையா பார்க்கப் போகிறார்கள், மேலே இருக்கிற கிளியைத்தானே பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதே பீரோவை வேஷம் மாற்றி அனுப்புவது என்று தீர்மானித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை.

ஒற்றைக் கதவை இரண்டாகப் பிளந்து ஒன்றில் கண்ணாடி பதித்தோம். உள்ளே நான்கு தட்டு. தலையில் கஜலட்சுமிப் பலகை, இரண்டு பக்கமும் கிளி. கீழே கடைந்த கால்கள். வெளியும் உள்ளும் கருஞ்சிவப்பில் பாலிஷ். பித்தளைக் கம்பியையும் கிண்ணங்களையும் கழற்றிய இடத்தில், இரண்டு பக்கப் பலகையிலும் நேருக்கு நேராக மும்மூன்று திருகாணி ஓட்டைகளும் வட்டமாக ஒரு பள்ளமும் இருந்தன. ஆசாரி மரத்தூளையும் அரக்கையும் குழைத்து அடைத்துத் தேய்த்தார். கையால் தடவினாலும் தெரியவில்லை. நான் வெறுத்த அத்தனை அலங்காரமும் அதன்மேல் ஏறியிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் எல்லாரையும் ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

ஆனியில் தங்கையையும் அதையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியில் திருநீறு பூசினாள். அந்த அத்தைகூட லட்சுமியைத் தொட்டுக் கும்பிட்டாள். "இப்பத்தான்யா இது கல்யாண வீட்டுச் சீரு" என்றாள். பீரோவைத் தூக்கி அறைக்குள்ளேயே வைத்தார்கள். தங்கை கதவைத் திறந்து ஒரு கணம் நின்றாள், பிறகு சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள். திரும்பி வருகிற வழியில் மேலூரில் இறங்கி நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்தப் பொட்டல்வெளியில் ஆனிக் கடைசியில் அடிக்கிற காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. காய்ந்த காற்று. மரம் சுருங்கியது, அரக்கு பெயர்ந்தது. ஒரு நாள் அந்த அத்தை தன் தம்பி மனைவிக்கு, அதாவது மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, ஒரு வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுக்க, அவள் துணிகளும் ஏறியிருந்த மேல்தட்டில் கை விட்டிருக்கிறாள். சேலையின் மேல் சிவப்பாகப் பொடி உதிர்ந்து கிடந்திருக்கிறது. எங்கிருந்து என்று தடவியவளுக்கு ஒரு பக்கத்தில் பள்ளமும் மூன்று ஓட்டையும் கிடைத்தன. மறு பக்கத்தைத் தடவினாள். அங்கேயும் அதே உயரத்தில் அதே மூன்று.

ஆடி பிறக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. நாங்கள் அழைக்கப் போகும் முன்பே வண்டி வந்துவிட்டது. இந்த முறை தங்கையும் பீரோவும் ஒரே வண்டியில். தெருக்காரர்களுக்கு என்ன தெரியும்? "ஆடிக்குப் புதுப்பொண்ணு வந்துட்டாளா? பீரோவோடயே வந்துட்டா போல" என்று ஆளுக்கு ஆள் சிரித்துக்கொண்டே விசாரித்தார்கள். அம்மா எல்லாருக்கும் ஆமாம் என்றாள்.

ஆவணி பிறந்தது. அழைக்க ஒருவரும் வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு அப்பாவும் நானும் போனோம். மாப்பிள்ளையின் அம்மா எங்களை உட்காரச் சொன்னாள், மோரும் கொடுத்தாள். நான் அவள் காலில் விழுந்தேன். தப்பு என்னுடையது, தங்கைக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன்.

"எந்திரிய்யா" என்றாள். "பெட்டி ஆகாதுன்னு நெனச்சேன், அது போகட்டும், எங்க நேரம். செத்த மனுசனுக்கு இன்னும் வருசம் திரும்பல. அதே பெட்டிக்கு என் கையாலயே திருநீறு பூச வச்சீகளே. உங்க தங்கச்சிகிட்ட நான் கேட்டேன், ஒனக்குத் தெரியுமான்னு. தெரியும்னு சொல்லிட்டா. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவளை வச்சுக்கிட்டு இருப்பேன்யா. தெரிஞ்சே பாத்துக்கிட்டு நின்னவளை எப்படி வச்சுக்கிறது?"

மாப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுத்த மோரை அப்பா குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். வீடு வந்து சேரும் வரை அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அன்று தங்கையிடம் கேட்டேன். "நான் ஒங்கிட்டச் சொல்லலையே. எப்படித் தெரிஞ்சது?"

"கதவத் தொறந்ததும் அந்தச் சுருட்டு வாசம் வந்துச்சுண்ணே."

"தெரியாதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"ஏற்கெனவே ஒரு பொய்க்குள்ளதான் சேலைய அடுக்கிக்கிட்டு இருந்தேன். இன்னொண்ணு என்னால முடியலண்ணே."

அடுத்த வருஷம் வைகாசியில் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். சேதி சந்தைக்கு வந்த யாரோ மூலம் வந்தது. தங்கைக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. மறுபடி ஓர் இடம் பார்க்கலாம் என்று தயங்கித் தயங்கி நான் சொன்னபோது, எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று அப்பா முடித்துவிட்டார். அவள் காலையில் கோலம் போட்டாள், தண்ணீர் எடுத்தாள், மதியம் ஊறுகாய்ப் பரணிகளை வெயிலில் வைத்து எடுத்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. பீரோ எங்கள் கூடத்தில், கிளியும் லட்சுமியுமாக நின்றது. அதில் கீழ்த்தட்டு ஒன்றில் மட்டும் தன் துணியை வைத்துக்கொண்டாள். மேல்தட்டுப் பக்கம் அவள் கை போனதே இல்லை. எனக்கு எந்த ஊர் பீரோவைப் பற்றியும் பேச வாய் வரவில்லை. கடையில் வருகிறவர்கள் கேட்டதை எழுதிக்கொண்டேன்.

யுத்தம் தொடங்கிய வருஷம் எனக்குக் கல்யாணம் செய்தார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான், ஆனால் சொல்லவில்லை. பெண் திருமங்கலம் பக்கம். சீர் வருகிற அன்று காலையில் பார்த்தால் தங்கை தன் துணிகளையெல்லாம் பழைய டிரங்குப் பெட்டி ஒன்றில் அடுக்கி, அடுப்படி மூலையில் கொண்டுபோய் வைத்திருந்தாள். "வர்ற பீரோவுக்கு இடம் வேணும்லண்ணே" என்றாள். பழையது கடைக்குப் போனது. கட்டுக்காகிதம் அடுக்க ஒரு வக்கீல் எடுத்துக்கொண்டு போனார்.

வந்த பீரோ அச்சு அசலான செட்டிநாட்டு வேலை. கண்ணாடி, கஜலட்சுமி, கிளி. வண்டியிலிருந்து இறக்கிக் கூடத்தில் நிறுத்தினார்கள். பெண்ணின் அண்ணன் அதன் பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பாலிஷ் எப்படி என்று பார்ப்பதுபோல நான் கதவைத் திறந்து, பக்கப் பலகைகளை மேலே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஏன் பார்த்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். பார்த்தேன்.

பிறகு தெருப் பெண்கள் சீர் பார்க்க வந்தார்கள். அண்டாவைத் தட்டினார்கள், கட்டிலை ஆட்டினார்கள். என் அம்மா எழுந்து பீரோவிடம் போனாள். இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். மேல்தட்டில் இருந்த சேலைகளை ஒதுக்கிவிட்டு, இடப் பக்கப் பலகையில் விரலை வைத்து மெதுவாகத் தடவ ஆரம்பித்தாள். பிறகு வலப் பக்கம். பேச்சு நின்றுபோனது. நிலைப்படியில் நின்ற புதுப்பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தன் அண்ணனைப் பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து என் தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நேராகப் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"புதுசுதாம்மா. வண்டிய விட்டு இறக்குனதுமே நான் தடவிப் பாத்துட்டேன், ஓட்டை ஒண்ணும் இல்ல" என்றாள். "கைய எடு. அந்தப் பிள்ளைய உள்ள கூப்பிடு."